சூடான வண்டிக்கு சோக் இழுத்தவன்

என் அக்காள் புருஷனுக்கு எங்கள் தெருவில் 'மூணு நிமிஷம்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். "மூணு நிமிஷம் வீடு எது?" என்று கேட்டால் போதும், தெருவே கை நீட்டும். இந்தப் பெயரை வைத்த மகான் நான்தான். வைத்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

அத்தானுக்குத் தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஊரின் கிழக்குப் பாதியில் இருக்கிற பழைய கட்டடங்களின் லிஃப்ட்கள் அவர் பொறுப்பு. எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் காலை ஏழரையிலிருந்து அவருக்குத்தான் போன் வரும். போவதற்கு அவரிடம் இருந்தது இருபத்திரண்டு வயதான ஒரு மோட்டார் சைக்கிள். அதில் பட்டன் எல்லாம் கிடையாது, உதைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

அந்த எழுப்புதல் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். ஏழு இருபத்தைந்துக்கு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துவார். டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் குழாயைத் திருப்பிவிட்டு, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை முழுதாக இழுப்பார். சாவி போடாமல் இரண்டு முறை மெதுவாக மிதிப்பார். அதன்பிறகுதான் சாவி. ஒரே உதை, வண்டி இருமிக்கொண்டே கண்ணைத் திறக்கும். அப்போது ஆக்சிலரேட்டரை யாராவது முறுக்கினால் முறுக்கியவனை முறைப்பார். இருமல் குறைந்ததும் சோக்கைப் பாதிக்குத் தள்ளுவார், சத்தம் சீரானதும் முழுதாகத் தள்ளுவார். எஞ்சின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மொத்தம் மூன்று நிமிஷம், ஒரு நொடி முன்னே பின்னே இருக்காது. பிறகு வண்டியை அணைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

எனக்கு எரிச்சல் அங்கேதான். கிளம்புவது எட்டு மணிக்கு. ஏழரைக்கே சூடு பண்ணி அணைத்து வைப்பானேன்?

"எந்த நிமிஷமும் போன் வரும் மச்சான். வந்தா ஒரு உதையில கிளம்பணும். அப்ப போய் சோக்கு, மண்ணாங்கட்டின்னு நிக்க முடியாது" என்பார்.

"அதுக்கு என்னை மாதிரி பட்டன் ஸ்கூட்டர் வாங்கிடலாமே?"

"உன் ஸ்கூட்டர் இப்ப எங்கே?"

"சர்வீஸ்ல."

"போன வாரம்?"

நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் வீட்டுத் தரகன். ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுக்கிற நான், எனக்கு ஒரு வீடு அமையாமல் ஐந்து மாதமாக அக்காள் வீட்டு முன்னறையில் படுத்துக் கிடந்தேன். என் தொழிலில் நேரம் என்பது சும்மா ஒரு பேச்சு. குளித்துக்கொண்டே "வழியில இருக்கேன் சார்" என்பேன். சட்டை தேடிக்கொண்டே "இதோ, உங்க தெருமுனையில" என்பேன். கேட்கிறவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அத்தான் அதற்கு நேர் எதிர். லிஃப்டில் மாட்டியவரிடம் போனில் அவர் இரண்டே விஷயம்தான் சொல்வார். கதவைத் தொடாதீங்க. நான் இத்தனை நிமிஷத்தில் வருகிறேன். அந்த 'இத்தனை' என்ன என்பதை மனசுக்குள் கணக்குப் போட்டு, பதினேழு என்றால் பதினேழு, இருபத்தொன்று என்றால் இருபத்தொன்று என்று சொல்வார். ஒருநாள் சாப்பிடும்போது நான் கிண்டல் பண்ணினேன், "பாவம், மாட்டினவங்க பயந்து கிடப்பாங்க. அஞ்சு நிமிஷம்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?" என்று.

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எங்ககூட வேலை பார்த்த ஒருத்தன் அப்படித்தான் அஞ்சு நிமிஷம்னு சொன்னான். உள்ளே இருந்த மனுஷன் ஆறாவது நிமிஷம் கதவைத் திறந்துக்கிட்டுக் குதிச்சாரு. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னிருந்தது. கீழ் மாடித் தரையில காலை வச்சவரு பின்னாடி சரிஞ்சுட்டாரு. பின்னாடி என்ன இருக்கு? லிஃப்டுக்கு அடியில திறந்த குழிதான் இருக்கு. லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு ஒண்ணும் ஆகாது மச்சான். பொறுமை போய் வெளிய வர்றவங்களுக்குத்தான் ஆகும். நேரத்தை உள்ளபடி சொன்னா பொறுமையா இருப்பாங்க."

அக்காள் அவருக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். ஆனால் மறுநாளும் அந்த மூன்று நிமிஷத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

பனி கொட்டிய ஒரு வாரநாள் காலை. வழக்கம்போல வண்டியைச் சூடு பண்ணி அணைத்துவிட்டு அத்தான் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தார். மணி ஏழு முப்பத்தாறு. அக்காள் ஏழு மணிக்கே பஸ் பிடித்துப் போயிருந்தாள். அவளுக்கு ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்தாவது மாடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. காலையில் போய்த் திறந்து வைப்பது அவள்தான்.

போன் அடித்தது. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன்.

"எந்த மாடி? மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயா? எத்தனை பேரு?" அத்தான் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "யாரு யாரு?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டு அப்படியே நின்றார். ஈரக்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குரல் மாறாமல் சொன்னார், "நீங்க நேரா மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போங்க. மெயின் சுவிட்சை இறக்கிட்டு அங்கேயே நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க."

அடுத்து அக்காளைக் கூப்பிட்டார். அந்த லிஃப்ட் கம்பிக் கதவு போட்டது, உள்ளேயிருந்தும் போன் கிடைக்கும். "நான்தான். கதவுகிட்டேயே போகாதே. கூட இருக்கிறது யாரு, தண்ணி கேன் போடறவரா? அவர்கிட்டேயும் சொல்லு. பதினெட்டு நிமிஷத்துல வந்துடறேன். பதினெட்டு." போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே கருவிப் பையை எடுக்க உள்ளே போனார்.

அக்காள் சின்ன வயதிலிருந்தே பூட்டிய அறையில் இருக்க மாட்டாள், குளியலறைத் தாழ்ப்பாளையே பாதிதான் போடுவாள். அவள் அந்தக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறாள். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. வாசலுக்கு ஓடினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. அவர் வருவதற்குள் வண்டியை எழுப்பி வைத்தால் ஒரு நிமிஷமாவது மிச்சமாகும் என்று தோன்றியது.

ஐந்து மாதமாகப் பார்த்த சடங்கு எனக்கு மனப்பாடம். சோக்கை முழுதாக இழுத்தேன். உதைத்தேன். வண்டி ஒரு முறை முக்கி அடங்கியது. மறுபடி உதைத்தேன். ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே உதைத்தேன். உதைக்க உதைக்க ஆத்திரம் ஏறியது, ஆத்திரத்தில் இன்னும் வேகமாக உதைத்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை வந்தது. வாடை வந்தால் நல்லதுதானே, எரிபொருள் போகிறது என்றுதான் அப்போது என் மூளைக்குப் பட்டது.

அத்தான் பையோடு வாசலுக்கு வந்தார். வாசற்படியிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"சோக்கை இழுத்தியா?"

"ஆமா. ஏன் எடுக்க மாட்டேங்குது?"

அவர் எஞ்சினில் கையை வைத்தார். எடுத்தார். "சூடா இருந்த வண்டிடா."

அவர் என்னை டா போட்டது அன்றைக்குத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேலி பண்ணிய மூன்று நிமிஷம் அன்றைக்கு ஏற்கனவே முடிந்திருந்தது. வண்டி தயாராக நின்றது. சும்மா ஓர் உதை விட்டிருந்தால் கிளம்பியிருக்கும். சூடான எஞ்சினுக்குள் சோக்கைப் போட்டுப் பெட்ரோலைக் கொட்டி மூழ்கடித்துவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சோக்கை உள்ளே தள்ளி, பெட்ரோல் குழாயை மூடி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து நிதானமாக ஐந்தாறு முறை மிதித்துப் பார்த்தார். பயனில்லை. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அது கறுப்பாக நனைந்து சொட்டியது. துணியில் துடைத்து என் கையில் வைத்தார். தன் போனையும் வைத்தார்.

"இதை இடுக்கியில பிடிச்சு அடுப்புத் தீயில காட்டு, நல்லாக் காயணும். காயறப்பவே அக்காவுக்குப் போன் போடு. வண்டி நனைஞ்சு போச்சு, இன்னும் கிளம்பல, பதினெட்டு இல்ல, மொத்தம் இருபத்தாறு நிமிஷம் ஆகும்னு சொல்லு. உள்ளதை அப்படியே சொல்லு."

நான் சமையலறைக்கு ஓடினேன். வெளியே அவர் பிளக் இல்லாத எஞ்சினை மிதித்து மிதித்து உள்ளே தேங்கிய பெட்ரோலை ஊதி வெளியேற்றும் சத்தம் கேட்டது. ஒரு கையில் இடுக்கி, தீயில் பிளக். மறுகையில் போன். அக்காள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்கே இருக்கீங்க?" குரல் மெலிந்திருந்தது.

சொல்லவேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. வண்டி நனைந்துவிட்டது. யார் நனைத்தது என்று கேட்பாளே? அந்த ஒரு நொடியில் பத்து வருஷத் தரகு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வந்துக்கிட்டே இருக்கோம்க்கா. பாதி வழி வந்துட்டோம். இதோ, அவ்வளவுதான்."

"மெதுவா வாங்க, பனியா இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

பிளக்கின் முனை காய்ந்து வெளுத்தது. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சுடச்சுட இருந்த பிளக்கை இடுக்கியோடு ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அத்தான் அதைத் துணியில் பிடித்து மாட்டி முடுக்கினார். குழாயைத் திறந்தார். சோக்கைத் தொடவில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இருபத்தாறுன்னு?"

"ம்."

மூன்றாவது உதையில் வண்டி கனைத்தது. கறுப்புப் புகை வாசலை மறைத்தது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மணி ஏழு நாற்பத்தாறு.

அத்தான் தாறுமாறாக ஓட்டவில்லை. பனியில் சக்கரம் வழுக்கிவிடும் என்று திருப்பங்களில் வேகத்தைக் குறைத்தார், நேர்ச் சாலையில் முறுக்கினார். பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. முதல் சிக்னல் சிவப்பு. இரண்டாவது சிக்னலும் சிவப்பு. அங்கே அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பத்து நாலு. பதினெட்டு நிமிஷம் முடிந்த நேரம்.

"அவகிட்ட இன்னொரு தடவை பேசு. பாலத்தைத் தாண்டிட்டோம், இன்னும் எட்டு நிமிஷம்னு சொல்லு."

நான் சட்டைப் பையைத் தொட்டேன். பேண்ட் பையைத் தொட்டேன். என் போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. அவர் போன் அடுப்பு மேடையில் இருந்தது.

"அத்தான், போன் வீட்டுலயே..."

அவர் திரும்பவில்லை. பச்சை விழுந்தது. "சரி, இருபத்தாறுன்னு தெரியும்ல, இருப்பா" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கோழை என்றால் நான்தான், வேறு யாரும் இல்லை.

கட்டடத்து வாசலில் வண்டி நின்றபோது எட்டு மணி இரண்டு நிமிஷம். உள்ளே காலை வைத்ததும் ஒரு சத்தம் கேட்டது. மேலேயிருந்து எதுவோ விழுந்து, சுவரில் மோதி மோதி, எங்கோ அடியில் போய் வெடித்தது. லிஃப்ட் குழியின் கம்பிகளுக்கு வெளியே தண்ணீர் தெறித்தது. இருபது லிட்டர் கேன்.

அத்தான் படிகளில் தாவினார். நானும் பின்னால் ஓடினேன். மூன்றாவது மாடியில் கம்பிக் கதவு திறந்து கிடந்தது. லிஃப்டின் தரை என் நெஞ்சு உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே, மாடித் தரை வரைக்கும் இருட்டான ஒரு வாய். தண்ணி கேன்காரர் எப்படியோ இறங்கிவிட்டிருந்தார். இறங்கும்போது கேன்களில் ஒன்றைக் குழிக்குள் தவறவிட்டு, வெளிறிய முகத்தோடு இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, "இறங்கும்மா, நான் பிடிச்சுக்கறேன், இறங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காள் லிஃப்டின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டிருந்தாள். கால் கட்டைவிரல் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. உடம்பு பாதி நழுவியிருந்தது.

எனக்குக் கத்த வாய் திறந்தது. அத்தான் என் கையை அழுத்திப் பிடித்தார். கத்தினால் திடுக்கிட்டு நழுவிவிடுவாள். கேன்காரரை ஒரு கையால் மெதுவாக விலக்கினார். போய் நின்று அக்காளின் இரண்டு பாதத்தையும் தன் உள்ளங்கையில் தாங்கினார்.

"நான்தான். வந்துட்டேன். காலை உள்ளே எடு."

அவள் குனிந்து பார்த்தாள். முகம் கோணியது. "வந்துட்டீங்களா..."

"அழுறதை அப்புறம் வச்சிக்கலாம். முதல்ல காலை எடு. நான் தள்ளறேன், நீ பின்னாடி நகரு. அப்படித்தான். இன்னும் கொஞ்சம்."

கால்கள் உள்ளே போயின. "இப்ப சுவர் பக்கமா உக்காரு. லிஃப்ட் மெல்லமா கீழே வரும். நான்தான் இறக்கறேன், பயப்படாதே." கதவைச் சாத்தித் தாழிட்டார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு மேலே படியேறினார்.

மொட்டை மாடி மெஷின் ரூமில் வாட்ச்மேன் சுவிட்சுக்குக் காவலாக நின்றிருந்தார். அத்தான் பெரிய சக்கரத்தில் கைப்பிடியை மாட்டினார். பிரேக்கைத் திறக்கும் நெம்புகோலை என்னிடம் காட்டினார். "நான் விடுன்னா அமுக்கணும். பிடின்னா கையை எடுத்துடணும். உன் இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்யாதே."

"அத்தான், என்னை நம்பி..."

"வேற யாரு இருக்கா? விடு."

அமுக்கினேன். சக்கரம் கால் சுற்று சுற்றியது. "பிடி." எடுத்தேன். "விடு. பிடி. விடு." என் உலகத்தில் அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. கடைசியில் கயிற்றில் இருந்த, மாடி மட்டத்தைக் காட்டும் வண்ணக் குறி சட்டத்துக்கு நேராக வந்ததும், "போதும்" என்றார். கீழேயிருந்து கேன்காரர், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தியது கேட்டது.

மூன்றாவது மாடிக்கு இறங்கினோம். அக்காள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தானைப் பார்த்ததும் எழுந்து வந்து அவர் நெஞ்சில் கையால் குத்தினாள்.

"பதினெட்டுன்னு சொன்னீங்களே! நீங்க ஒரு நாளாவது லேட்டா வந்திருக்கீங்களா? பாதி வழி வந்துட்டோம்னு இவன் சொன்னான். அப்புறம் ஆளைக் காணோம். ஆறு தடவை போன் பண்ணினேன், அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்கல. பனியில எங்கேயோ விழுந்து கிடக்கீங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எனக்கு எப்படி உள்ளே உக்கார முடியும்?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"வண்டி மக்கர் பண்ணிடுச்சு" என்றார். "பாதி வழின்னு நான்தான் சொல்லச் சொன்னேன். நீ பயப்படக் கூடாதுன்னு. போனையும் மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

அக்காள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கிளினிக் திறக்கணும்" என்று படியேறிப் போய்விட்டாள். மிச்ச இரண்டு மாடியையும் நடந்தே ஏறினாள்.

அன்று சாயங்காலம் நான் முன்னறையிலேயே கிடந்தேன். அத்தான் வாசலில் வண்டியின் பிளக்கை மறுபடி கழற்றிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். அக்காள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். போனேன். அடுப்பில் பால் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை தடவை உதைச்சே?"

நான் திக்கினேன். "என்னக்கா?"

"பதினாலு வருஷத்துல அந்த வண்டியை அவர் ஒரு வார்த்தை குத்தம் சொல்லி நான் கேட்டதில்ல. எத்தனை தடவை உதைச்சே?"

"எண்ணலக்கா. இருபதுக்கு மேல இருக்கும்."

"சோக்கைப் போட்டா?"

"ஆமா."

பால் பொங்கி வந்தது. தீயைக் குறைத்தாள்.

"பொய்யான நேரத்தை யார்கிட்டேயும் சொல்லாத மனுஷன், பொண்டாட்டிகிட்ட சொல்லச் சொல்லியிருப்பாரா? பாதி வழின்னு சொன்னப்ப நீ எங்கே இருந்தே?"

வாசலில் அத்தான் வண்டியை ஓர் உதை விட்டார். ஒரே உதையில் எழுந்துகொண்டது. அந்தச் சத்தம் சீரானது.

"இங்கேதான்க்கா. நீ நிக்கிற இடத்துல. இந்த அடுப்புகிட்ட."

அக்காள் அடுப்பை அணைத்தாள்.